விலை எழுதப்படாத காம்பரா

2025 டிசம்பரில் ஒரு மாலை, ஹட்டனுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றின் பாடசாலையில் தங்கவைக்கப்பட்டிருந்த மக்களைச் சந்திக்கச் சென்றிருந்தேன். நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டிட்வா புயலும் அதனோடு வந்த மண்சரிவுகளும் நாடெங்கும் 600-க்கும் அதிகமான உயிர்களைக் காவுகொண்டிருந்தன. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் நான்காக மடித்த காகிதமொன்றை என்னிடம் நீட்டினார். அவருடைய லயம் அமைந்துள்ள சரிவு குடியிருப்புக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கை அது.

“ஆபத்து எவ்வளவுன்னு எழுதியிருக்காங்க ஐயா. எங்க காம்பராவுக்கு வெல எவ்வளவுன்னு எந்தக் காகிதத்துலயும் எழுதலியே” என்றார்.

முப்பது ஆண்டுகளாகப் பத்திரிகைத் தொழிலில் இருந்தும் அதற்கு என்னிடம் உடனடியாக விடை இருக்கவில்லை. அவரது கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதனைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசு ஒருவரின் காணியையோ வீட்டையோ எடுக்கும்போது என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதை 1950-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் வகுத்துள்ளது. விரும்பி விற்பவர் திறந்த சந்தையில் பெறக்கூடிய விலையே அதன் அளவுகோல். விலைமதிப்புத் திணைக்களம் தொகையைக் கணிக்கும். அத்தொகை போதாதென்று கருதுபவர் மீளாய்வுச் சபைக்குப் போகலாம். சட்டப் பிரச்சினை இருப்பின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தையும் நாடலாம். மதிப்பீட்டாளரின் பேனாவை மேற்பார்வை செய்ய இவ்வளவு படிகள் உள்ளன. குறை சொல்வதற்கில்லை.

ஆனால் இப்படிகளில் ஏறுவதற்கு ஒருவர் “அக்கறையுடைய ஆள்” என்ற வரைவிலக்கணத்துக்குள் வரவேண்டும். உரிமையாளர், கூட்டு உரிமையாளர், ஈடு பெற்றவர், குத்தகைக்காரர் ஆகியோர் அதனுள் அடங்குவர். மாத வாடகைக்கு இருப்பவர் அடங்கமாட்டார் என்று சட்டமே விலக்கி வைத்துள்ளது. லயத்தில் வாழ்பவரோ மாத வாடகைக்காரர்கூட அல்லர். தோட்டத்தில் வேலை செய்வதனால் அங்கே இருக்க அனுமதிக்கப்பட்டவர். ஆகவே விலைமதிப்பாளர் லயத்துக்குள் வந்து சுவரையும் கூரையையும் அளந்தாலும், அவர் எழுதும் தொகை கூரைக்குக் கீழே வாழ்பவருக்கு உரியதாகாது.

இச்சட்டம் பிறப்பதற்கு முன்பே இதன் கதை தொடங்கிவிட்டது. 1946-இல் கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டம் கிராம விரிவாக்கத்துக்காக அரசினால் எடுக்கப்பட்டது. உரிமையாளரிடமிருந்து காணி அரசின் கைக்கு மாறியது. லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கோ வெளியேறும்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் மறுத்தனர். இலங்கை இந்தியன் காங்கிரஸ் அவர்கள் பக்கம் நின்றது. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். குற்றவியல் அத்துமீறல் என்று வழக்குத் தொடரப்பட்டு, அது இலண்டனின் பிரிவுக் கவுன்சில் வரை சென்றது. தம் வீட்டை விட்டுப் போக மனமின்றித் தங்கியிருப்பது, அடுத்தவரைத் தொந்தரவு செய்யும் எண்ணத்துடன் தங்கியிருப்பதாகாது என்ற அடிப்படையில் 1950-இல் அங்கே அவர்கள் தரப்பு வென்றது. வழக்கில் வென்றார்கள், ஆனால் அந்த வீட்டுக்கு அவர்களிடம் ஒரு பெறுமதி உண்டா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் கேட்கவில்லை.

அடுத்த பெரிய மதிப்பீடு 1970-களில் நடந்தது. 1972-ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் வைத்திருக்கக்கூடிய காணியை 50 ஏக்கருக்கு மட்டுப்படுத்தியது. 1975-ஆம் ஆண்டின் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. பிரித்தானியக் கம்பனிகள் உட்பட உரிமையாளர்களுக்கு நட்டஈடு உண்டு என்று ஏற்கப்பட்டது. தேயிலைச் செடிக்கு விலை வந்தது, தொழிற்சாலைக்கு வந்தது, துரையின் பங்களாவுக்கும் வந்தது. லயமும் அந்தச் சொத்தின் ஒரு பகுதியாக உரிமையாளரின் கணக்கிலேயே சேர்ந்தது. மூன்று நான்கு தலைமுறைகளாக அங்கே அடுப்பெரித்தவர்களுக்கு ஒரு சதமும் எழுதப்படவில்லை. இதற்கிடையில் நுவரெலியா மாவட்டத்தில் 7000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்க முயன்றபோது மக்கள் எதிர்த்தனர். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். மலையகம் இன்றும் அவரை நினைவுகூர்கின்றது.

1992-இல் தோட்டங்களின் முகாமைத்துவம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. காணி அரசினது, நீண்டகாலக் குத்தகை கம்பனியினது, லயத்தில் குடியிருப்பு மட்டும் தொழிலாளியினது. இந்த முக்கோணத்துக்குள்தான் மண்சரிவுகள் வந்து விழுகின்றன.

2014 ஒக்டோபர் 29-ஆம் திகதி காலை பதுளை மாவட்டம் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதையுண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்த இடம் ஆபத்தானது என்று 2005-இலும் 2011-இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாக அப்போது அதிகாரத்தில் இருந்தவர்கள் கூறினர். எச்சரிக்கை உண்மைதான். ஆனால் போகும் இடம் எது, கைவிடும் வீட்டுக்கு ஈடு எது என்ற இரண்டையும் சொல்லாத எச்சரிக்கை அது. உயிர் பிழைத்தவர்களுக்கென பூனாகலைப் பகுதியில் கட்டப்பட்ட 75 வீடுகள் 2016-இல்தான் கையளிக்கப்பட்டன.

2016 மே மாதத்தின் அரநாயக்கப் பேரழிவுக்குப் பின்னர் அரசு வேறொரு வழியைக் கைக்கொண்டது. வீட்டுக்கு வீடு மதிப்பிடாமல், அபாய வலயத்திலிருந்து வெளியேறும் குடும்பத்துக்கு வீடமைக்க 12 இலட்சம் ரூபாயும் காணி வாங்க 4 இலட்சம் ரூபாயும் என ஒரே தொகை நிர்ணயிக்கப்பட்டது. டிட்வாவுக்குப் பின்னர் முற்றாக அழிந்த வீட்டுக்கு 50 இலட்சமும், அரச காணி கிடைக்காவிடில் காணிக்கு 50 இலட்சம் வரையும் என்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் அறிவித்தார்.

ஒரே தொகை என்பது ஒருவகையில் நல்லதே. மதிப்பீட்டாளரின் பாரபட்சத்துக்கு அதில் இடம் குறைவு. 2005-இல் கத்ரீனா சூறாவளிக்குப் பின் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், புயலுக்கு முந்திய சந்தை விலை அல்லது திருத்தச் செலவு ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அடிப்படையாக வைத்து வீட்டு மானியம் வழங்கினார்கள். வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு எங்கும் ஒன்றுதான். ஆனால் கறுப்பின மக்களின் பகுதிகளில் சந்தை விலை குறைவாக இருந்ததால் அவர்களுக்குக் குறைந்த தொகையே கிடைத்தது. 2008-இல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2011-இல் உடன்பாடு கண்டு, மேலதிக நிதி ஒதுக்கப்பட்டது. அங்கே மக்கள் எதிர்த்து வாதிட ஓர் எண்ணாவது எழுதப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நமது லயத்துக்கு அந்த எண்ணே இல்லை.

மலையகத்தில் ஒரே தொகையும் தானாக வேலை செய்யாது. காணி வாங்கப் பணம் கிடைத்தாலும் விற்பதற்கு யார் இருக்கின்றார்கள்? சுற்றிலும் உள்ள மலை முழுவதும் குத்தகையில் இருக்கும் தோட்டக் காணி. அழிந்தது யாருடைய வீடு என்று விண்ணப்பத்தில் கேட்டால், காணி உறுதி இல்லாத மனிதர் எந்தப் பெயரை எழுதுவார்? ஆபத்தைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கின்றது. தகுதியைப் பிரதேச செயலகம் பார்க்கின்றது. காணியைக் கம்பனி விடுவிக்க வேண்டும். இம்மூன்றுக்கும் இடையில் கோப்பு நின்றுவிட்டால் முறையிடுவதற்கு, சட்டத்தில் உரிமையாளருக்கு உள்ளதைப் போன்ற ஒரு சபை லயத்தவருக்கு இல்லை.

வழி இல்லாமலும் இல்லை. உறுதிப்பத்திரம் அற்றவரும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை கூறுகின்றது. 2012-இல் திறக்கப்பட்ட மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதியில் சுமார் 500 குடும்பங்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டன. கடன் கொடுத்த ஜப்பானின் கண் அதன் மீது இருந்தது. ஆனால் அக்கொள்கை அபிவிருத்தித் திட்டங்களுக்காக எழுதப்பட்டது. மலை தானாகச் சரிந்தால் அது பேசாது. அணைக்காக எழுப்பப்பட்டவருக்கு ஒரு நீதி, மழையால் எழுப்பப்பட்டவருக்கு வேறொரு நீதி என்பது எவ்வாறு பொருந்தும்?

என் கருத்தில், மதிப்பீட்டை மேற்பார்வை செய்வது தொகை சரியா என்று பார்ப்பதிலிருந்து தொடங்கக்கூடாது. யாருடைய பெயர் பட்டியலில் ஏறியது, யாருடையது விடுபட்டது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். அபாய எச்சரிக்கை கொடுக்கப்படும் அன்றே, அந்த லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலும் வாழும் குடும்பம், அது தன் கைக்காசில் சேர்த்துக் கட்டிய குசினி, மாட்டுப்பட்டி, மரக்கறித் தோட்டம் ஆகிய யாவும் எழுதப்பட்டு, ஒரு பிரதி அக்குடும்பத்திடம் கொடுக்கப்பட வேண்டும். விடுபட்டவர் முறையிட ஒரு சபை வேண்டும். அதில் தோட்ட மக்களின் பிரதிநிதியும் இருக்க வேண்டும். இதற்குப் பெரும் நிதி தேவையில்லை.

அந்த முதியவர் காகிதத்தை மீண்டும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “எங்க தாத்தா காலத்துல இருந்து அந்தக் காம்பராதான் ஐயா” என்றார். சட்டத்தின் பார்வையில் அவர் அதில் அக்கறையுடைய ஆள் அல்லர்.