தையல்காரர் எப்படி எண்ணெய் நிபுணர் ஆனார்?

ஆடிட்டிங் பேப்பரில் ஒரு கேள்வி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: "மேலாளர் ஒருவர் தகுதியில்லாத ஆட்களைத் தொழில்நுட்ப நிபுணர்கள் என்று பதிவேட்டில் காட்டி, அடையாள அட்டையும் கொடுக்கிறார். இது என்ன?" மோசடி என்று எழுதினால் முழு மார்க். நானும் அப்படித்தான் எழுதுவேன். ஆனால் அந்த மேலாளரின் பெயர் பெர்தோல்ட் பைட்ஸ் என்றால்?

ஷிண்ட்லரை எல்லோருக்கும் தெரியும், 1993-ல் வந்த படம் உபயம். அவர் முதலாளி. பைட்ஸோ சம்பளக்காரர், அதற்கு முன் பேங்க் குமாஸ்தா, ஷெல் கம்பெனி ஊழியர். 1941-ல் ஜெர்மனி பிடித்த போரிஸ்லாவ் எண்ணெய் வயல்களுக்கு (இன்றைய மேற்கு உக்ரைன்) வணிக நிர்வாகியாகப் போனார். போருக்கு எண்ணெய் அவசியம். அதனால் "அத்தியாவசியத் தொழிலாளி" என்று அவர் கையெழுத்திட்ட யூதருக்கு உயிர் மிஞ்சும். தையல்காரர், முடிதிருத்துபவர், வேதம் படித்த பண்டிதர் என்று எல்லோரையும் அவர் பெட்ரோலிய நிபுணர் ஆக்கினார்!

1942 ஆகஸ்டில் பெல்செக் கொலை முகாமுக்குக் கிளம்பவிருந்த ரயிலிலிருந்து, "இவர்கள் என் ஆட்கள்" என்று சுமார் 250 பேரை இறக்கினார். அப்போது அவருக்கு வயது 28. இறக்கியவர்களில் அவர் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அம்மா வயதானவர், திரும்ப ஏற வேண்டும் என்றான் எஸ்.எஸ். அதிகாரி. நானும் அம்மாவோடு போகட்டுமா என்று மகள் பைட்ஸிடம் அனுமதி கேட்டாள். போய்விட்டாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உதைக்கிறது. விதியை வளைக்கிறவன் யாருக்காக வளைப்பது என்றும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பட்டியலில் சேராதவர்களுக்கு அந்தக் கையெழுத்தால் ஒரு பயனும் இல்லை. அந்த எண்ணெயும் ஹிட்லரின் படைக்குத்தான் போனது. வேலையை உதறியிருந்தால் அவர் கை சுத்தமாக இருந்திருக்கும், ஆனால் அந்த 250 பேர்? நான் கையெழுத்துப் பக்கம்தான். தனக்கு லாபமே இல்லாமல், மாட்டினால் தன் தலையும் போகும் என்று தெரிந்து எழுதிய பொய்க்கணக்கை, பணத்தைச் சுருட்ட எழுதிய பொய்க்கணக்கோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. 1943-ல் கெஸ்டபோ விசாரணைக்குக் கூப்பிடவும் செய்தது. அங்கிருந்த அதிகாரி பழைய அறிமுகம் என்பதால் தப்பினார்.

1953-ல் அவர் சேர்ந்த இடம் க்ரூப். போர்க்காலத்தில் முகாம் கைதிகளை வேலை வாங்கிய அதே க்ரூப்! பைட்ஸ் தலைமை நிர்வாகியாக இருந்தபோது, 1959-ல், அந்த யூதக் கைதிகளுக்கு ஆளுக்கு 5000 மார்க் வரை தர கம்பெனி ஒப்புக்கொண்டது. சட்டப்படி எங்களுக்குக் கடமை இல்லை என்று சொல்லிக்கொண்டேதான் கொடுத்தார்கள். பேரேட்டில் எந்தத் தலைப்பில் எழுதினார்களோ...