உயர அச்சம்

உயர அச்சம் என்பது மாடி, பாலம், ஏணி, மலைமுகடு போன்ற உயரமான இடங்களில் நிற்கும்போதும், நிற்க நேரும் என்று எண்ணும்போதும் எழும் மிகையான பயம். உள்ளங்கால் கூசுதல், அடிவயிறு கலங்குதல், கை வியர்த்தல், முழங்கால் நடுக்கம், படபடப்பு, கிறுகிறுப்பு ஆகியவை இதன் அறிகுறிகள். பள்ளத்தைக் கண்டு பின்வாங்குவது உயிர்காக்கும் இயல்பே. அந்தப் பயம் உண்மையான ஆபத்தை மீறி வளர்ந்து, பொதுவாக 6 மாதங்களுக்கு மேல் நீடித்து, வேலையையும் அன்றாட வாழ்வையும் முடக்கும்போதுதான் மருத்துவம் அதைக் கோளாறாகக் கொள்கிறது.

பரவல்

ஜெர்மனியில் டோரீன் ஹூப்பர்ட், தாமஸ் பிராண்ட் முதலிய நரம்பியல் ஆய்வாளர்கள் 3,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளியானது. வாழ்நாளில் ஒருமுறையேனும் உயரத்தில் தடுமாற்றமோ கலக்கமோ உணர்ந்ததாக அவர்களில் 28 விழுக்காட்டினர் கூறினர். முழுமையான அச்சக் கோளாறு உள்ளவர்கள் இதைவிட மிகக் குறைவு.

உடலியல் அடிப்படை

கண், உட்செவி, தசையும் மூட்டுகளும் தரும் உணர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே உடலை நிலைநிறுத்துகின்றன. நிற்கும் உடல் எப்போதும் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். தரையில் நிற்கும்போது அருகிலுள்ள பொருள்கள் பார்வையில் இடம் மாறுவதைக் கொண்டு கண் அந்த அசைவை அறிகிறது. உயரத்திலிருந்து பார்க்கையில் எல்லாமே தொலைவில் இருப்பதால், அந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறுத்துவிடுகிறது. கண்ணின் துணை குறைய, உடலின் ஆட்டம் கூடுகிறது. ஆகவே உயரத்தில் ஏற்படும் தடுமாற்றத்துக்கு உடலிலேயே காரணம் உண்டு. அது கோழைத்தனத்தின் அடையாளமல்ல.

குழந்தைகளும் விளிம்பும்

1960-இல் எலினார் கிப்சன், ரிச்சர்ட் வாக் இருவரும், நடுவே ஒரு பலகையும், அதன் ஒருபுறம் ஆழமற்றதாகவும் மறுபுறம் ஆழமான பள்ளமாகவும் தோன்றும்படி பதித்த கண்ணாடியும் கொண்ட மேசையில் 6 முதல் 14 மாதக் குழந்தைகள் 36 பேரைச் சோதித்தனர். நடுப்பலகையை விட்டு நகர்ந்த 27 பேரும் ஆழமற்ற பக்கம் தவழ்ந்தார்கள்; அவர்களில் 3 பேர் மட்டுமே ஆழமான பக்கமும் சென்றனர். 1985-இல் வந்த மற்றோர் ஆய்வில், ஏறத்தாழ 30 செ.மீ. ஆழமாகத் தோன்றிய பள்ளத்தின் எதிரே தாய் மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்தனர். அஞ்சிய முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவரும் கடக்கவில்லை. விளிம்பைப் பற்றிய எச்சரிக்கையில் பெற்றோரின் முகக்குறிப்புக்கும் பங்குண்டு என்பதை இது காட்டியது.

விளிம்பில் எழும் உந்துதல்

உயரத்தில் நிற்கும் சிலருக்குக் குதித்துவிடுவோமோ என்ற எண்ணம் திடீரெனத் தோன்றும். ஜெனிஃபர் ஹேம்ஸ் குழுவினர் 431 மாணவர்களிடம் நடத்திய ஆய்வில் (2012), தற்கொலை எண்ணமே இல்லாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் இத்தகைய உந்துதலை உணர்ந்ததாகத் தெரிவித்தனர். பின்வாங்கச் சொல்லும் உடலின் எச்சரிக்கையை மனம் பிற்பாடு தவறாகப் புரிந்துகொள்வதே காரணமாகலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். சாவைப் பற்றிய எண்ணம் உயரமில்லாத இடத்திலும் தொடருமானால் உடனே உதவி நாட வேண்டும்.

சிகிச்சை

அஞ்சும் சூழலைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்குவதே முதன்மையான சிகிச்சை. ஜெர்மானியக் கவிஞர் கதே, ஸ்ட்ராஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது அங்குள்ள பேராலயக் கோபுரத்தில் மீண்டும் மீண்டும் ஏறி இந்தப் பயத்தை வென்றதாகத் தன்வரலாற்றில் எழுதியுள்ளார். இன்று மெய்நிகர் கருவி மூலமும் இப்பயிற்சி அளிக்கப்படுகிறது. 100 பேரைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில் (2018) அது நல்ல பலன் தந்தது.

உடனடித் தடுமாற்றத்துக்கு, கைப்பிடியைப் பற்றிக்கொள்வதும், உட்கார்வதும், அருகிலுள்ள அசையாத பொருளைப் பார்ப்பதும் உதவும். நகரும் மேகத்தையும் வாகனங்களையும் பார்ப்பதைத் தவிர்க்க வேண்டும். அஞ்சுபவரைக் கேலி செய்வதும் விளிம்புக்கு இழுத்துச் செல்வதும் கூடாது. ஒவ்வொரு படியையும் அவர் தம் ஒப்புதலோடு எடுத்துவைக்கும்போதே பயிற்சி பலிக்கிறது. வற்புறுத்தல் பயத்தை இன்னும் ஆழமாக்கக்கூடும்.