ரம் ஆஸ்பத்திரியும் ஆறு மணிக் குடியும்

சிட்னியின் முதல் பெரிய மருத்துவமனை ரம் காசில் எழுந்தது. 1810இல் கவர்னர் லாக்லன் மக்குவாரியிடம் அதைக் கட்டப் பணம் இல்லை. மூவர் கட்டித் தர முன்வந்தனர். அதற்கு ஈடாக 45,000 கேலன் ரம் இறக்குமதி செய்யும் உரிமை பெற்றனர். அவர்களில் ஒருவரான டார்சி வென்ட்வொர்த் ஒரு மருத்துவர்! கைதிகளுக்காக 1816இல் திறந்த அந்த இடத்தை ஊரார் 'ரம் ஆஸ்பத்திரி' என்றே சொன்னார்கள். அதன் ஒரு பகுதியில்தான் இன்று நியூ சவுத் வேல்ஸ் சட்டமன்றம் இயங்குகிறது. திறந்து மூன்றே ஆண்டில், சுருங்கிக் கட்டிதட்டிப் போன கல்லீரலுக்கு 'சிர்ரோசிஸ்' என்று பாரிசில் பெயர் வைத்தார் பிரெஞ்சு மருத்துவர் ரெனே லேனெக்.

முதல் உலகப் போர்க் காலத்தில் குடியை அடக்கச் சட்டம் வந்தது. 1916 முதல் சிட்னியிலும் மெல்பர்னிலும் மாலை ஆறு மணிக்கு மதுக்கூடங்களை மூடியாக வேண்டியிருந்தது. வேலை முடிவதோ ஐந்து மணிக்கு. இடையில் இருந்த ஒரு மணி நேரத்தில் ஆண்கள் முண்டியடித்து நின்று பியரை விழுங்கினார்கள். நீளமான ரப்பர் குழாயால் கோப்பைகளை வரிசையாக நிரப்பினார்கள். கழுவிவிட வசதியாகச் சுவரில் ஓடு பதித்தார்கள். நல்ல நோக்கத்தில் பிறந்த இந்தச் சட்டம் அவசரக் குடியைப் பழக்கிவிட்டது. சிட்னியில் 1955 வரையும், மெல்பர்னில் 1966 வரையும் அது நீடித்தது.

ஈரலுக்கு அவசரம் தெரியாது. ஒரு மணி நேரத்தில் அது எரிக்கக்கூடிய ஆல்கஹால் ஏறக்குறைய 10 கிராம்தான். அப்போது உண்டாகும் அசிட்டால்டிஹைட் ஈரல் செல்களின் புரதங்களைக் கெடுக்கிறது. நாள்தோறும் குடிப்பவரிடம் நொதி ஒன்று கூடுதலாக வேலையில் இறங்கி, செல்லைக் காக்கும் குளூட்டாதயோனைத் தின்றுவிடுகிறது. முதலில் கொழுப்பு படியும், பிறகு அழற்சி, தழும்பு, இறுதியில் சிர்ரோசிஸ்.

காப்பு மருந்து தேடியவர்கள் பலர். ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் களையாக மண்டும் பால்முள் செடியின் சிலிமாரினும், நம்மூர்க் கீழாநெல்லியும் பெயர் பெற்றவை. ஆனால் மதுவால் கெட்ட ஈரலை இவை மீட்கும் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. குடிப்பவரின் மூளையைக் காப்பதில்தான் ஆஸ்திரேலியா வென்றது: 1991 முதல் அங்கே ரொட்டி மாவில் தயமின் (வைட்டமின் பி1) சேர்ப்பது கட்டாயம். அதன்பின் தயமின் குறைவால் வரும் வெர்னிக்கே மூளைநோய் சிட்னிப் பிணப் பரிசோதனைகளில் குறைந்தது.

ஈரல் மாற்று சிகிச்சை சிட்னியில் 1986இலும் மெல்பர்னில் 1988இலும் தொடங்கியது. குடியால் ஈரலை இழந்தவர்கள் ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்ட வேண்டும் என்ற விதி நெடுநாள் வழக்கில் இருந்தது.

2020இல் ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆய்வு மன்றம் குடிக்கான வரம்பைக் குறைத்தது: ஆரோக்கியமானவருக்கும் வாரத்துக்கு 10 அளவுக் கோப்பைகளுக்கு மேல் வேண்டாம், ஒரே நாளில் நான்குக்கு மேல் கூடாது. ஒரு கோப்பை என்பது 10 கிராம் ஆல்கஹால். ஈரல் ஏற்கெனவே கெட்டவருக்கு இந்த வரம்பும் பொருந்தாது. அவர் அடியோடு நிறுத்த வேண்டும். கொழுப்பு படிந்த கட்டத்திலேயே நிறுத்தியவருக்குச் சில வாரங்களில் ஈரல் தேறிவிடுகிறது.