குளியலறைத் திரையை வெட்டிய அம்மா

'டயாபர்' என்ற சொல்லுக்கும் குழந்தையின் பின்பக்கத்துக்கும் ஆதியில் சம்பந்தமே கிடையாது. வைர வடிவக் கட்டம் போட்டு நெய்த உசத்தியான வெள்ளைத் துணிக்கு இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அந்தப் பெயர். ஷேக்ஸ்பியரின் 'டேமிங் ஆஃப் தி ஷ்ரூ' நாடகத்தில்கூட ஒரு டயாபர் வருகிறது - கை துடைத்துக்கொள்ள! கைக்கு வந்த துணி எப்படியோ கீழே இறங்கி, பாப்பாவின் இடுப்பில் உட்கார்ந்துவிட்டது. பெயர் அப்படியே கப்பலேறி அமெரிக்கா போய்ச் சேர, இங்கிலாந்துக்காரர்கள் 'நாப்கின்'னைச் சுருக்கி 'நாப்பி' ஆக்கிக்கொண்டார்கள். நம்மூரில் தாத்தாவின் பழைய வேட்டியும் பாட்டியின் நைந்த நூல் புடவையும்தான். எத்தனைக்கெத்தனை துவைத்துப் பழசானதோ அத்தனைக்கத்தனை பிள்ளைக்கு உறுத்தாது.

துணியைச் சுற்றியாச்சு. நழுவாமல் நிற்க வேண்டுமே? 1849-ல் நியூயார்க்கில் வால்டர் ஹன்ட் என்பவர் ஒரு கம்பியை வளைத்து 'சேஃப்டி பின்'னுக்கு - அதாங்க, நம்ம ஊக்கு - காப்புரிமை வாங்கினார். கதை என்னவென்றால், மனுஷருக்கு 15 டாலர் கடன். அதை அடைக்க, உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார்! அடுத்த நூறு வருஷம் மேல்நாட்டு அம்மாக்கள் வாயில் ஒரு ஊக்கைக் கவ்விக்கொண்டுதான் குழந்தைக்குத் துணி கட்டினார்கள்.

ஊக்கு துணியைத் தாங்கும், ஈரத்தைத் தாங்குமா? மேலே ரப்பர் ஜட்டி போட்டுப் பார்த்தார்கள். காற்றுப் புகாமல் தோலெல்லாம் சிவந்து, குழந்தை வீல் வீலென்று அலறியதுதான் மிச்சம். ஒரு நாளைக்குப் பத்துத் துணி, கூடவே படுக்கை விரிப்பு, அம்மாவின் உடை... எல்லாமே துவைக்கிற தொட்டிக்கு.

1946. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் மரியன் டோனவன் என்ற இளம் தாய் இந்தத் துவையலில் அலுத்துப்போய், குளியலறையில் தொங்கிய பிளாஸ்டிக் திரையைக் கத்தரியால் வெட்டித் தையல் மெஷினில் கொடுத்தார். டோனவன் சும்மா ஆள் இல்லை. அப்பாவும் பெரியப்பா-சித்தப்பா முறையில் ஒருவரும் கடைசல் இயந்திரம் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர்கள். இயந்திரங்களுக்கு நடுவே வளர்ந்த பெண். பல தடவை தைத்துப் பிரித்து, கடைசியில் பாராசூட் நைலானில் ஓர் உறை செய்தார். உள்ளே வழக்கமான துணி, மேலே இந்த உறை. ஊக்குக்குப் பதிலாக அழுத்தினால் மூடிக்கொள்ளும் பட்டன். பெயர் 'போட்டர்'.

தயாரிக்க ஒரு கம்பெனியும் முன்வரவில்லை. சரிதான் போங்கள் என்று தானே செய்தார். 1949-ல் நியூயார்க்கின் பெரிய கடையான சாக்ஸில் விற்பனைக்கு வந்தது, பிய்த்துக்கொண்டு போனது. 1951-ல் காப்புரிமை கிடைத்தது. அதே வருஷம் உரிமையை விற்றார் - பத்து லட்சம் டாலருக்கு! (ஹன்ட்டின் 400 டாலரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

கிட்டத்தட்ட அதே சமயம் இங்கிலாந்தில் வேலரி ஹன்டர் கார்டன் என்ற ராணுவ அதிகாரியின் மனைவியும் பாராசூட் நைலானை வெட்டிக்கொண்டிருந்தார் என்பது வேடிக்கை. யுத்தம் முடிந்து மிச்சமான துணி! அவருடைய 'பாடி'யில் உள்ளே வைக்கும் பஞ்சுப் பட்டையைத் தூக்கி எறிந்துவிடலாம்.

டோனவனுக்கும் அடுத்து அதே யோசனைதான்: முழுக்கக் காகிதத்தில் செய்து, உபயோகித்ததும் எறிந்தால் என்ன? காகிதக் கம்பெனி முதலாளிகளிடம் போனார். இதெல்லாம் யாருக்குத் தேவை என்று அனுப்பிவிட்டார்கள். துணி துவைத்தே பழக்கமில்லாத ஆண்களிடம் போய்க் கேட்டால் வேறென்ன பதில் வரும்?

சில வருஷம் கழித்து அந்தத் தேவை ஓர் ஆணுக்குத் தெரிந்தது. பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியில் விக்டர் மில்ஸ் என்ற கெமிக்கல் இன்ஜினீயர். பேரக் குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டி வந்தது, தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. ஆராய்ச்சி துவங்கியது! முதல் மாதிரியை டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் வெயிலில் பிளாஸ்டிக் ஜட்டியோடு பரிசோதித்து, புழுக்கத்தில் குழந்தைகள் அழுது, தோல்வி. 1961-ல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் 'பாம்பர்ஸ்' கடைக்கு வந்தது. ஒன்று பத்து சென்ட். அதைவிட மலிவாக, வீட்டு வாசலுக்கே வேனில் வந்து அழுக்குத் துணியை எடுத்துப் போய்த் துவைத்துத் தரும் டயாபர் சர்வீஸ் இருந்தது. யார் வாங்குவார்கள்? 6 சென்ட் அளவுக்கு இறக்கிய பிறகே வியாபாரம் சூடு பிடித்தது.

அதே பியோரியாவில் அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று உண்டு. பென்சிலினை ஏராளமாகத் தயாரிக்க வழி கண்ட இடம். அங்கே மாவுச்சத்தை வைத்து, எடையைப் போலப் பல நூறு மடங்கு தண்ணீரை உறிஞ்சும் ஒரு பொருளைச் செய்து 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று பெயர் வைத்தார்கள். வறண்ட மண்ணில் ஈரம் காக்கலாம் என்ற நினைப்பு. அதன் தம்பியான சோடியம் பாலிஅக்ரிலேட், வயலுக்குப் போகாமல் 1980-களில் டயாபருக்குள் புகுந்துகொண்டது. டயாபர் மெலிந்தது, குப்பை பெருத்தது.

ஈரக் காகிதத் துடைப்பான் மட்டும் என்ன? 1950-களின் கடைசியில் ஆர்தர் ஜூலியஸ் என்பவர் கண்டுபிடித்தது, கே.எஃப்.சி. கோழிக்கடையில் விரல் துடைக்கக் கொடுத்துப் பிரபலமானது. அதுவும் கையிலிருந்து கீழே இறங்கிற்று! 2017-ல் லண்டன் வொயிட்சேப்பல் சாக்கடையில் இத்தகைய துடைப்பான்களும் கொழுப்பும் இறுகி, 250 மீட்டர் நீளத்துக்கு அடைத்துக்கொண்டன. எடை 130 டன்.

'அப்போ துணிதான் நல்லதா?' என்பீர்கள். இந்த வழக்கு ரொம்ப நாளாக நடக்கிறது. 1990-ல் பிராக்டர் அண்ட் கேம்பிள் காசு கொடுத்த ஆய்வில் டயாபருக்குச் சாதகம். 1991-ல் துணி துவைக்கும் சங்கம் காசு கொடுத்த ஆய்வில் துணிக்குச் சாதகம். ஆச்சரியம்தான்! 2008-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் கணக்குப் போட்டது. இரண்டரை வருஷத்துக்கு ஒரு குழந்தையின் டயாபரால் 550 கிலோ கரியமில வாயு. துணியால் 570 கிலோ. துணி தோற்றதா? இல்லை. மெஷின் நிறையப் போட்டுத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த பிள்ளைக்கும் அதையே கட்டினால் துணியின் கணக்கு 40 சதவிகிதம் இறங்கியது. கொதிக்கிற நீரும் மின்சார உலர்த்தியும்தான் வில்லன்கள். 2023-ல் திரும்பப் போட்ட கணக்கில் துணி 25 சதவிகிதம் மேல் என்று வந்தது.

கொடியும் வெயிலும் நமக்கு இலவசம். ஆனால், இந்த ஆய்வுகளில் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் கட்டம் உண்டு. துவைக்கிறவர் முதுகுக்குக் கட்டம் கிடையாது. வேட்டித் துணி பொற்காலத்தைப் பேசும் தாத்தாக்கள் எவரும் அதை அலசியதாகத் தெரியவில்லை. அலசியது பாட்டி, அல்லது வீட்டு வேலைக்கு வந்த அம்மாள்.

டயாபர் வந்து அந்தக் கை ஓய்ந்தது நிஜம். வேலை வேறு கைக்கு மாறிற்று. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகள், டயாபரைச் சுற்றிக் கட்டி உலர் குப்பைத் தொட்டியில் போடச் சொன்னன. கம்பெனிகளே அதற்கு உறை தர வேண்டும் என்றன. பெரும்பாலான வீடுகளில் அது கறிவேப்பிலைக் காம்போடும் முட்டை ஓட்டோடும் ஒரே கேரி பையில்தான் போகிறது. காலையில் குப்பை வண்டியோடு வருகிற அம்மாள், அந்தப் பையை அவிழ்த்துக் கையால்தான் பிரிக்கிறார்.