குங்கிலியம்: ஒரு பெயரும் பல மரங்களும்

சைவ இலக்கியத்திலும் சித்த மருத்துவ நூல்களிலும் ஒருங்கே பயிலும் பொருட்பெயர்களுள் குங்கிலியம் ஒன்று. அகராதிகள் இதனைக் குக்குலு என்னும் வடசொல்லின் திரிபாகக் கொள்ளும். வடநூலார் கூறும் குக்குலு, குசராத்து, இராசத்தான் முதலிய வறண்ட நிலங்களில் வளரும் குட்டை முள்மரத்தின் பிசின். தமிழிலோ அப்பெயர் சால மரத்தின் பிசினையும், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய வெள்ளைக் குங்கிலிய மரத்தின் பிசினையும், அம்மலைக் காடுகளில் கிடைக்கும் கருங்குங்கிலியத்தையும் குறிக்கின்றது.

திருக்கடவூர்க் குங்கிலியக் கலய நாயனாரைச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் கடவூர்க் கலயன் என்றே சுட்டுகிறார். தூபப் பொருள் அங்கு அவர் பெயரோடு இணையவில்லை. அவர் வரலாற்றை விரித்துரைப்பது 12ஆம் நூற்றாண்டின் பெரியபுராணம். நெல் வாங்குவதற்காக மனைவி கழற்றித் தந்த தாலியைக் கொடுத்து, எதிர்ப்பட்ட வணிகனிடம் குங்கிலியப் பொதியை வாங்கிவிடுகிறார் கலயர். பக்தியின் உறைப்புக்கே இந்நிகழ்ச்சி பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. பொருளியல் வரலாற்றுக்கு வேண்டிய குறிப்போ அவ்வணிகனிடம் உள்ளது. மேற்கூறிய மரங்களுள் எதுவும் காவிரிக் கழிமுகத்தில் இயல்பாக வளர்வதன்று. நெல் விளையும் நாட்டில் நெல்லுக்கு வழியற்றவர் பொன் கொடுத்துப் பெற்றது, மலையிலிருந்தோ வடபுலத்திலிருந்தோ வந்த சரக்கு. அது எம்மரத்துப் பிசின் என்பதைத் தூபத்தைக் கொண்டு துணிய இயலாது. தணலில் இட்டால் இவை அனைத்துமே மணக்கும்.

மருந்துச் செய்முறை இதனினும் தெளிவான சான்று. குக்குலுவும் பறங்கிச் சாம்பிராணியும் கோந்து கலந்த பிசின்கள். நீரில் ஒரு பகுதி கரையும். சால மரப் பிசினும் வெள்ளைக் குங்கிலியமும் நீரில் கரையா. காய்ந்த எண்ணெயில் இளகிக் கலக்கும். புண்களுக்குப் பூசும் குங்கிலிய வெண்ணெய், பிசின் பொடியை நல்லெண்ணெயில் உருக்கி, நீரில் ஊற்றி, வெண்ணெய்போல் வெளுக்கும்வரை பலமுறை கழுவி எடுக்கப்படுவது. குக்குலுவை இட்டிருந்தால் அதன் கோந்து கழுநீரோடு போயிருக்கும். எனவே இம்மருந்தின் குங்கிலியம் குக்குலுவாக இருந்திருக்க வாய்ப்பில்லை. பெயர் வடக்கிலிருந்து வந்தது; அது ஏறி நின்ற பொருள் வேறு.

மரக்கலப் பலகைகளின் இடுக்குகளை அடைக்க எண்ணெயோடு காய்ச்சிப் பூசிய குங்கிலியமும் நீரில் கரையாத இவ்வகையதே. வெள்ளை, கருப்பு என்னும் வேறுபாடு அங்குப் பெரிதன்று. நீர் புகாமை ஒன்றே வேண்டுவது.