சுடுகலனின் ஓசை: ஒரு தொழில்நுட்ப வரலாற்று நோக்கு

போர்க்கருவிகளின் வரலாறு பெரும்பாலும் விசையின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி எவ்வளவு தூரம் சுடும், நிமிடத்துக்கு எத்தனை சன்னங்களை உமிழும் என்பனவே வரலாற்றாசிரியரின் வினாக்களாயின. ஓசை ஒரு பக்கவிளைவாக ஒதுக்கப்பட்டது. ஆனால் அவ்வோசையை ஏதோவொரு மனிதச் செவி தாங்கவே வேண்டியிருந்தது. அச்செவி யாருடையது, அதன் இழப்பு யாருடைய கணக்கில் எழுதப்பட்டது என்னும் வினாக்கள் தொழில்நுட்ப வரலாற்றுக்குப் புறம்பானவையல்ல. குழலில் துளையிடப்பட்ட றிவோல்வரும் அதன் ஓசையைக் குறைக்க விழையும் ஆவலும் இவ்வினாக்களை ஆராய்வதற்கு ஏற்ற எடுத்துக்காட்டுகளாகும்.

1. தந்தையும் மகனும்

அமெரிக்காவிற் பிறந்து பிரித்தானியக் குடிமகனாகிய ஹைரம் ஸ்ரீவன்ஸ் மக்சிம், தானாக இயங்கும் இயந்திரத் துப்பாக்கியை 1884 இல் உருவாக்கினார். 1893 இன் மாற்றபெலிப் போரிலும் 1898 இன் ஒம்டுர்மான் போரிலும் ஆபிரிக்க மக்களைக் கொன்று குவித்தது அக்கருவியே. பிற்காலத்தில் மக்சிமின் செவிப்புலனும் பெரிதும் குன்றியது. கண்டுபிடித்தவரின் செவியையே கருவி காவுகொண்டது எனலாம்.

அவருடைய மகன் ஹைரம் பேர்சி மக்சிம், 1909 மார்ச் 30 இல் துப்பாக்கிக்கான ஒலியடக்கிக்கு அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். அதன் அடிப்படைத் தத்துவம் எளிது. சன்னத்தின் பின்னே அழுத்தத்துடன் வெளியேறும் வெடிவாயு திடீரென விரிவதாலேயே ஓசை பிறக்கிறது. அவ்வாயு தணிந்து வெளியேறுமாயின் ஓசையும் தணியும். கனெக்ரிகற் மாநிலத்தின் ஹாட்போட் நகரில் இயங்கிய அவரது கொம்பனி, காலப்போக்கில் துப்பாக்கியை விடுத்து இயந்திரங்களின் ஓசையை அடக்கும் உபகரணங்களை உற்பத்தி செய்யலாயிற்று. கொலைக்கருவியும் தொழிற்சாலை இயந்திரமும் ஒரே பௌதிக விதிக்குக் கட்டுப்பட்டவை என்பதற்கு இது சான்றாகும்.

2. றிவோல்வரின் இயல்பு

றிவோல்வரில் மட்டும் இத்தத்துவம் எளிதிற் செல்லுபடியாவதில்லை. ரவைகளைத் தாங்கும் உருளை சுழல வேண்டுமாதலின், அதற்கும் குழலுக்குமிடையே சிறு இடைவெளி இருந்தே தீர வேண்டும். வாயுவின் ஒரு பகுதி அவ்விடைவெளியினூடாகப் பக்கவாட்டில் வெளியேறுகிறது. எனவே குழல்வாயை மட்டும் அடக்குவதால் ஓசை அடங்குவதில்லை.

இதற்குக் குறிப்பிடத்தக்க விதிவிலக்கு, பெல்ஜிய நாட்டவரான நகாந்தின் வடிவமைப்பில் 1895 இல் ருஷ்ய இராணுவம் ஏற்றுக்கொண்ட றிவோல்வராகும். அதன் உருளை சுடும் வேளையில் முன்னகர்ந்து குழலோடு பொருந்தி இடைவெளியை அடைத்தது. சோவியத் ஆட்சியில் மித்தின் சகோதரரின் பெயரைத் தாங்கிய ‘பிராமித்’ ஒலியடக்கி இத்துப்பாக்கிக்கெனவும் செய்யப்பட்டது. எனினும் இடைவெளியை அடைத்ததன் ஆரம்ப நோக்கம் வாயுவை வீணாக்காது விசையைக் கூட்டுவதேயன்றிச் செவியைக் காப்பதன்று. பின்னர் நாடப்பட்ட மௌனமும் மறைந்திருந்து கொல்வதற்கான மௌனமே.

3. துளையிட்ட குழல்

இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சந்தை எதிர்த்திசையிற் சென்றது. 1935 இல் அறிமுகமான ‘.357 மக்னம்’ ரவையும் 1955 இல் வந்த ‘.44 மக்னம்’ ரவையும் கைத்துப்பாக்கியின் விசையைப் பெருக்கின. கூடவே பின்னுதைப்பையும் பெருக்கின. குழல்வாய் மேலெழும்புவதைத் தடுக்க, அதன் முனையருகே மேற்புறமாகத் துளைகளிடும் முறை பரவியது. மேனோக்கிப் பாயும் வாயு குழலைக் கீழ்நோக்கி அழுத்தும். மிச்சிகன் மாநிலத்தின் மக்-நா-போட் நிறுவனம் 1970 களில் இச்சேவையைப் பிரபலப்படுத்தியது. அது கையாண்ட மின்பொறி அரிப்பு முறை, 1943 இல் மொஸ்கோவில் லசரென்கோ தம்பதியர் நடத்திய ஆய்விலிருந்து வளர்ந்ததாகும். பகைமுகாம்கள் இரண்டாயினும் தொழில்நுட்பம் எல்லையறியாது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

துளை கைக்கு இலகுவளித்தது, செவிக்கோ சுமையேற்றியது. முன்னோக்கிச் சென்ற வாயுவின் ஒரு பகுதி இப்போது சுடுபவரின் முகத்துக்கு அண்மையிலேயே வெடித்து விரிகிறது. பெருவிசை றிவோல்வரின் உச்ச ஓசை துளையின்றியே 160 டெசிபெலை எட்டவல்லது. இத்தகைய குழலை மாற்றியமைத்து ஓசையைத் தணிக்க விழைவது, வாயுவைத் திறந்துவிடவும் அடக்கவும் ஒருங்கே முயலும் முரண்பாடாகும். துளைகள் ஒரு வாயிலாகவும் உருளையின் இடைவெளி மற்றொரு வாயிலாகவும் திறந்தே நிற்கின்றன.

4. சட்டமும் செவியும்

1934 இன் அமெரிக்கத் தேசியச் சுடுகலன் சட்டம், ஒலியடக்கிக்கு 200 டொலர் வரியும் பதிவும் விதித்தது. அச்சட்டமூலத்தின் முதல் வடிவிற் கைத்துப்பாக்கிகளும் அடங்கியிருந்தன. எதிர்ப்பின் விளைவாக அவை நீக்கப்பட, ஒலியடக்கி எஞ்சி நின்றது. அவ்வரி 2026 ஜனவரியில் நீக்கப்பட்டபோதும் பதிவுக் கடப்பாடு நீடித்தது. சுடும் ஓசையைக் குறைக்கும் கருவி எதுவாயினும் ஒலியடக்கி என்றே அந்நாட்டுச் சட்டம் கொள்ளும். வீட்டுப் பட்டறையிற் செய்யப்படுவதும் இதற்கு விலக்கன்று. பின்லாந்திலும் நோர்வேயிலுமோ ஒலியடக்கி வேட்டைக்காரரின் சாதாரண உபகரணமாகும். ஒரே பொருள் ஓரிடத்திற் குற்றத்தின் அடையாளமாகவும் பிறிதோரிடத்திற் செவிக்காப்பாகவும் கருதப்படுகிறது.

இவ்விவாதத்தில் மறக்கப்படுவது தொழிலாளியின் செவி. கிளாஸ்கோ நகர வைத்தியர் தோமஸ் பார் 1886 இல் 100 கொதிகலன் தொழிலாளரைப் பரிசோதித்தபோது, இயல்பான செவிப்புலனுடைய ஒருவரையும் காணவில்லை. அவ்வாய்வுக்குப் பின்னரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தே அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்றும், மோதலோசைக்கு 140 டெசிபெல் என்றும் எல்லை வகுத்தன. றிவோல்வரின் ஒரேயொரு வெடி இவ்விரண்டாம் எல்லையையும் மீறுகிறது. உட்செவியின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை.

ஓசையை அதன் மூலத்திலேயே தணிப்பது முதல் வழி. செவிக்கு மூடியிடுவது கடைசி வழி. துளையிட்ட றிவோல்வரில் முதல் வழியை வடிவமைப்பே அடைத்துவிட்டது. ஆகவே பொறுப்பு முழுவதும் தனிமனிதரின் செவிமூடிமீது சுமத்தப்படுகிறது. விசையை வாங்கியவர் துளையிடும் முன் சிந்திக்கலாம். அவரருகே நாள்தோறும் நிற்கும் பயிற்சியாளருக்கும் சுடுதளத் தொழிலாளிக்கும் அத்தெரிவு இல்லை. ஒரு கருவியின் வரலாற்றை எழுதுவோர், அது எய்திய தூரத்தோடு அது பறித்த செவிகளையும் கணக்கிடும்போதே அவ்வரலாறு முழுமை பெறும்.