காண்டலும் கருதலும் உரையும்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் மலேரியா அறிவின் வரலாறு

முன்னுரை

மலேசியத் தமிழரின் தோட்ட வரலாற்றை எழுதியோர் காய்ச்சலைப் பற்றி எழுதாமல் இருந்ததில்லை. புதிதாகத் திறக்கப்பட்ட தோட்டங்களில் முறைக்காய்ச்சல் எத்தனையோ உயிர்களைப் பலிகொண்டது என்பது நாம் அனைவரும் அறிந்த செய்தியே. ஆயினும் அவ்வரலாற்றில் மலேரியா பெரும்பாலும் துன்பத்தின் அடையாளமாக மட்டுமே இடம்பெற்றுள்ளது. அது அறிவு உருவான வரலாறும் ஆகும் என்பது போதிய கவனம் பெறவில்லை. காய்ச்சலுக்குக் காரணம் இன்னது என்று எவ்வாறு அறியப்பட்டது? அவ்வறிவு மெய்யானது என்று யார் முடிவு செய்தனர்? யாருடைய சொல் நம்பப்பட்டது, யாருடைய சொல் கேட்கப்படாமல் போயிற்று? கோல சிலாங்கூரையும் அதனை ஒட்டிய வட சிலாங்கூர்த் தோட்டப் பகுதிகளையும் முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குத் தமிழ் மரபிலேயே ஒரு சட்டகம் உள்ளது. அறிவைப் பெறும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். மணிமேகலையின் இருபத்தேழாம் காதை அளவைகளை விரிவாகப் பேசுகிறது. சிவஞான சித்தியார் அவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. காண்டல் என்பது நேரில் அறிதல். கருதல் என்பது கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்தல். உரை என்பது நம்பத்தக்கவர் கூற்றை ஏற்றல். சித்தியார் உரையளவை என்று கொள்வது இறைநூலையே. நியாய நூலார் நம்பத்தக்க எவர் கூற்றையும் அதனுள் அடக்குவர். இவ்விரிந்த பொருளிலேயே அச்சொல்லை இங்கு நாம் ஆளுகின்றோம். அறிவியலை முதலிரண்டு அளவைகளின் வெற்றியாகக் காண்பதே பொதுவழக்கு. மூன்றாவது இல்லாமல் முதலிரண்டும் நிலைபெறுவதில்லை என்பதே நம் கருத்து.

நச்சுக்காற்றும் கொசுவும்

‘மலேரியா’ என்னும் சொல்லின் பொருள் இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்பதாகும். சதுப்பு நிலத்திலிருந்தும் புதிதாகக் கிளறப்பட்ட மண்ணிலிருந்தும் எழும் நச்சுக்காற்றே காய்ச்சலை விளைவிக்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர் நம்பினர். இக்கொள்கையை அறியாமை என்று நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காட்டை வெட்டித் திறந்த இடங்களில் காய்ச்சல் மிகுந்ததைத் தோட்டத்துரைமாரும் தொழிலாளரும் கண்ணாரக் கண்டனர். சதுப்பை வடித்தால் காய்ச்சல் குறைவதையும் கண்டனர். காண்டல் பிழையன்று, கருதலே பிழைபட்டது.

1880-ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் லாவரான் நோயாளியின் குருதியில் நோய்க்கிருமியைக் கண்டார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் அக்கிருமியின் வளர்ச்சிநிலையைக் கண்டறிந்தார். மனிதரைத் தாக்கும் மலேரியாவை அனோபிலிஸ் வகைக் கொசுவே பரப்புகிறது என்பதை 1898-இல் இத்தாலியில் கிராசியும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். ஆய்வுக்கூடத்தில் உண்மை நிறுவப்பட்டது. அவ்வுண்மையைக்கொண்டு தோட்டத்து மக்களைக் காக்க முடியுமா என்னும் வினா அப்போதும் எஞ்சி நின்றது.

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வரை

1901-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டில் கிள்ளான் நகரைக் காய்ச்சல் சூறையாடியது. அதே ஆண்டில் திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும், அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும், பணியாளர் கூட்டங்கூட்டமாக நோயுற்றனர். காட்டை வெட்டி, வடிகால் அமைத்து, சதுப்பை நிரவுமாறு வாட்சன் பரிந்துரைத்தார். பணிகள் நிறைவேறிய பின்னர் காய்ச்சல் பெரிதும் தணிந்தது.

காய்ச்சல் தானாகவே ஏறுவதும் இறங்குவதும் உண்டு. ஆதலால், தணிந்ததற்கு வடிகாலே காரணம் என்று எவ்வாறு உறுதி கூறுவது? இவ்வையத்தை முன்னுணர்ந்த வாட்சனும் சிலாங்கூர் மாநில மருத்துவர் டிராவர்ஸும் வடிகால் அமைத்த நகரப் பகுதியின் கணக்கை, அமைக்காத சுற்றுப்புறத்தின் கணக்கோடு ஒப்பிட்டனர். நகரில் நோய் குறைந்தது. சுற்றுப்புறத்தில் அவ்வாறு குறையவில்லை. கருதலளவை இங்கே ஒப்பீட்டின் வழியாக வலுப்பெற்றது.

கோல சிலாங்கூர், ஜெராம், ஈஜோக் முதலிய பகுதிகளின் கரையோரச் சமநிலத்திற்கு இம்முறை பொருந்தியது. அங்கே காட்டு நிழலில் தேங்கிய சதுப்புநீரில் பெருகும் அனோபிலிஸ் அம்புரோசஸ் என்னும் இனமே நோய்பரப்பியாக அறியப்பட்டது. காடு வெட்டப்பட்டு நீர் வடிந்ததும் அவ்வினம் அருகியது. காடழித்து வடிகால் வெட்டினால் காய்ச்சல் ஒழியும் என்பது விதியாகவே கொள்ளப்பட்டது.

ஒரே விதி, இரு நிலங்கள்

அவ்விதி உள்நாட்டு மலையடிவாரத்தில் தோற்றது. வட சிலாங்கூரில் கரையை விட்டுக் கிழக்கே செல்லச் செல்ல நிலம் உயர்கிறது. ரவாங், பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் ஆகியவை தித்திவாங்சா மலைத்தொடரின் அடிவாரத்தைச் சார்ந்தவை. இத்தகைய குன்றுநிலங்களில் காட்டை வெட்டி ஓடைகளைத் துப்புரவாக்கிய பின்னர்க் காய்ச்சல் குறையாததோடு சில இடங்களில் மிகுந்தது. அங்கே நோயைப் பரப்பியது அனோபிலிஸ் மக்குலேட்டஸ் என்னும் வேறோர் இனம். அது நிழலை விரும்புவதன்று. வெயில் படும் தெளிந்த ஓடைநீரிலும் ஊற்றுநீரிலும் பெருகுவது. காட்டின் நிழலே அதனைத் தடுத்து வைத்திருந்தது. நிழலை அகற்றியபோது மனிதரே அதற்கு வாழிடம் அமைத்துத் தந்தவராயினர்.

ஆகவே கரையோரத்தில் உயிர்காத்த செயல் மலையடியில் உயிர்கொன்றது. கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்னும் பொது உண்மை மாறவில்லை. ஆனால் எந்தக் கொசு, எந்த நீர், எந்த நிலம் என்று அறியாமல் அவ்வுண்மையால் பயனில்லை. குன்றுநிலத்தில் நிலத்தடிக் குழாய் வடிகால்களும், பின்னர் ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையும் கையாளப்பட்டன. வாட்சன் தம் பட்டறிவை 1911-இல் நூலாக வெளியிட்டார். மலேரியா ஆலோசனை வாரியமும் அதே ஆண்டில் அமைக்கப்பட்டது. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் முதற்பொருளும் கருப்பொருளும் வேறு என்று பயின்ற தமிழாசிரியர்க்கு, நிலத்திற்கேற்ப நோயும் மருந்தும் வேறுபடும் என்பது வியப்பளிக்காது.

அளவுகோலான உடல்கள்

எத்தோட்டத்தில் எவ்வளவு காய்ச்சல் உள்ளது என்பதை எவ்வாறு அளந்தனர்? மருத்துவமனைக் கணக்கு முழுமையானதன்று. ஆகவே குழந்தைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து, வீங்கிய மண்ணீரல் நூற்றுக்கு எத்தனை பேருக்கு உள்ளது என்று கணக்கிட்டனர். 1840-களில் வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர் கையாண்ட முறை இது. மலாயாவில் வாட்சன் இதனைத் தோட்டந்தோறும் கையாண்டார். குழந்தைகள் பெரும்பாலும் பிறந்த இடத்தைவிட்டுப் பெயராதவர்கள். ஆதலால் அவர்களின் உடலே அத்தோட்டத்தின் நிலையை உள்ளவாறு காட்டியது.

இங்கே நாம் சற்று நிற்க வேண்டும். லயன் வீடுகளின் முன்னே வரிசையாக நிறுத்தப்பட்ட தமிழ்க் குழந்தைகளின் உடல்களே உலக மருத்துவ நூல்களில் இடம்பெற்ற விழுக்காடுகளாயின. அவ்வறிவால் அக்குழந்தைகளின் தம்பி தங்கையர் பலர் பிழைத்தனர் என்பதும் உண்மை. ஆனால் அவ்வறிவின் ஆக்கத்தில் அவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் இருந்த இடம், அளக்கப்படும் பொருளின் இடமே, அறிவோரின் இடமன்று.

யாருடைய உரை?

ஸ்டீவன் ஷேப்பின் 1994-இல் வெளியிட்ட ‘உண்மையின் சமூக வரலாறு’ என்னும் நூலில், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு சோதனை முடிவு ஏற்கப்படுவதற்கு அதனைக் கூறியவர் கனவானாக இருத்தல் பெரிதும் துணைசெய்தது என்று வாதிடுகிறார். ஆய்வுக்கூடப் பணியாளரின் கண்ணும் கையும் பயன்பட்டன. அவர் சொல் சான்றாகவில்லை. தோட்டங்களிலும் இதனையொத்த நிலையே இருந்தது. மருத்துவரும் துரையும் கூறியது உரையளவை ஆயிற்று. தொழிலாளர் கூறியது வதந்தி எனப்பட்டது.

ஆயினும் தொழிலாளரிடம் அறிவு இல்லாமலில்லை. எந்தத் தோட்டம் காய்ச்சல் தோட்டம் என்பது கங்காணிகள் வழியாகவும் ஊர் திரும்பியோர் வழியாகவும் தமிழகத்துச் சிற்றூர்கள் வரை பரவியது. பெயர்கெட்ட தோட்டத்திற்கு ஆள் கிடைப்பது அரிதாயிற்று. 1910-இல் இந்தியரின் ஒப்பந்தக்கூலி முறை முடிவுக்கு வந்தபின், முன்னறிவிப்புத் தந்து விலகிச் செல்லும் உரிமையும் தொழிலாளருக்கு வலுப்பட்டது. வடிகாலுக்குப் பணம் செலவிடத் தயங்கிய நிருவாகங்களை இணங்கச் செய்ததில் மருத்துவரின் அட்டவணைகளுக்குப் பங்குண்டு. ஆள் கிடைக்காமையும் பெருங் காரணமாயிற்று. தொழிலாளர் தம் சொல்லால் பெறாத மதிப்பைத் தம் கால்களால் பெற்றனர் எனலாம்.

இதே காலத்து மற்றொரு நிகழ்வு இக்கருத்தை மேலும் விளக்கும். பெரிபெரி நோய் அரிசி உணவோடு தொடர்புடையது என்று நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் வாதிட்டார். புழுங்கல் அரிசி உண்ட தமிழரிடம் அந்நோய் அரிதாக இருந்தது அவர் காட்டிய சான்றுகளுள் ஒன்று. 1905 டிசம்பரில் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினருக்குச் சயாம் பச்சரிசியும் இரட்டைப்படை எண்ணினருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் வழங்கினார். பச்சரிசி உண்டோரிடையே நோய் பரவி உயிரிழப்பும் நேர்ந்தது. புழுங்கல் அரிசி உண்டோர் ஏறத்தாழ முற்றிலும் தப்பினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் இறங்குகிறது என்பதும், அச்சத்து தயமின் என்னும் வைட்டமின் என்பதும் பின்னாளில் தெளிவாயின. பிராடனோ கெட்ட அரிசியிலுள்ள நஞ்சே காரணம் என்று கருதினார். அவர் கண்ட தொடர்பு மெய்; கூறிய காரணம் பிழை. தமிழர் சமையலறையில் வழக்கம் இருந்தது, காரணம் கூறப்படவில்லை. அவ்வழக்கம் அறிவியலுக்குச் சான்றானது. ஆனால் அதனைப் பேணிய பெண்களிடம் எவரேனும் ஏதேனும் கேட்டதாகத் தோன்றவில்லை.

திருத்தப்படும் உண்மை

கரையோரச் சதுப்பின் கதை வாட்சனோடு முடியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் வார்ட்டன், ஐல்ஸ், சந்தோசம் முதலிய ஆய்வாளர்கள் மலாயாவின் அனோபிலிஸ் கொசுக்களை மீண்டும் ஆராய்ந்தனர். அம்புரோசஸ் தொகுதிக் கொசுக்களில் காணப்பட்ட கிருமிகளுள் பல மனித மலேரியாவின் கிருமிகள் அல்ல. சருகுமானைத் தாக்கும் மலேரியாவின் கிருமிகளாக இருக்கக்கூடும் என்று அவர்களின் ஆய்வு காட்டியது. சிலாங்கூர்க் கரையோரத்தில் நிப்பா மடல்களில் பெருகும் அனோபிலிஸ் ஹக்கேரி என்னும் இனம், பிளாஸ்மோடியம் நோலெசி என்னும் குரங்கு மலேரியாவைச் சுமப்பதும் 1961-இல் அறிவிக்கப்பட்டது.

1967-இல் மலேசியா மலேரியா ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. மனிதரிடையே மட்டும் பரவும் மலேரியா 2018-இல் உள்நாட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆனால் 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் பெருமளவில் கண்டறியப்பட்ட நோலெசி மலேரியா, நாட்டில் மனிதரைத் தாக்கும் முதன்மை மலேரியாவாக ஆகியுள்ளது. குரங்கின் நோய் என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டது மனிதரின் நோயாயிற்று.

உண்மை இவ்வாறு திருத்தப்படுவதைக் கண்டு, அறிவியலை நம்பலாகாது என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கொள்ளவில்லை. கணக்குகளும் ஒப்பீடுகளும் பிறர் மீண்டும் ஆராயும் வண்ணம் எழுதி வைக்கப்பட்டமையாலேயே திருத்தம் இயன்றது. நம்பிக்கைக்குரியது பிழையாத சொல்லன்று; பிழை தெரியவரும்போது அதனை ஏற்கும் வழக்கமேயாகும். அவ்வழக்கம் முழுமை பெறவேண்டுமாயின் அளக்கப்பட்டோரும் கேட்கப்பட வேண்டும்.

முடிவுரை

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில் அமைந்தது. அவ்வூர் இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படுகிறது. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை நின்ற இடங்கள் சில குடியிருப்புகளாயின. லயன் வீடுகளோடு அவற்றில் வாழ்ந்தோரின் நினைவுகளும் மறைந்து வருகின்றன. மருத்துவர் எழுதிய நூல்கள் நூலகங்களில் உள்ளன. மருந்துத் தண்ணீரைக் குடிக்க மறுத்தவர் ஏன் மறுத்தார், எண்ணெய் தெளிக்கச் சென்றவர் ஓடைகளைப் பற்றி என்ன அறிந்திருந்தார், எந்தத் தோட்டத்திற்குப் போகலாகாது என்று தாய்மார் எதைக்கொண்டு முடிவு செய்தனர் என்பவை எந்நூலிலும் முறையாகப் பதியப்படவில்லை.

வட சிலாங்கூரின் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் ஆசிரியர்கள் இப்பணிக்கு ஏற்றவர்கள். தம் மாணவரின் பாட்டன் பாட்டியரிடம் இவ்வினாக்களைக் கேட்டு, இடம், ஆண்டு, கூறியவர் தாமே கண்டதா பிறர் சொல்லக் கேட்டதா என்னும் விவரங்களோடு எழுதி வைப்பார்களாயின், அது பிறர் ஒப்பிட்டு ஆராயத்தக்க சான்றாகும். அச்சான்றையும் மருத்துவக் கணக்குகளைப் போலவே ஐயுற்று ஆராய வேண்டும். நம்மவர் கூற்று என்பதனால் மட்டும் எதனையும் ஏற்றல் ஆகாது. அவ்வாறு ஆராயும் தகுதி உடையது என்று அதனை நாம் முதலில் மதித்தாக வேண்டும். தோட்டத்து மக்களின் உரை இதுவரை பெறாதது அம்மதிப்பையே.